ராசாவின் மண்ணும் பயற்றங்கொடியும்

"டீச்சர், பயறுக்கு எதுக்கு உரம்? அது வேர்லயே உரம் செஞ்சுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!"

பள்ளித் தோட்டத்தில் பயற்றங்காய் விதை ஊன்றிய அன்று, ஆண்டு ஐந்து மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அறிவியல் பாடத்தில் நான் சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. இப்படிப் பாடம் நடத்திவிட்டு, ஒரு கையில் மாட்டெரு வாளியும் மறு கையில் பாறை பாஸ்பேட் டப்பாவுமாக நான் நின்றால் பையனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது என் பாட்டியின் ஞாபகம் வந்தது. அவர் ராசா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெளிக்காட்டு வேலை செய்தவர். "மொதல்ல புல்லு ஒன்னு இல்லாம மண்ண வழிச்செடுக்கச் சொன்னான் தொரை. அப்புறம் அதே மண்ணுல கொடி போடச் சொன்னான். அதுக்கப்புறம் அந்தக் கொடிக்கே ஒரம் போடச் சொன்னான்" என்று சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த மூன்று வாக்கியங்களில் மலாயாத் தோட்டங்களின் உர வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது ஆசிரியையான பிறகுதான் புரிந்தது. என் மாணவனின் கேள்விக்கான விடையும் அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

அந்த வரலாற்றை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஈயம், காப்பி, பால்மரம்

இன்று சிரம்பான் நகரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ராசா, 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயச் சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்று. சீனத் தொழிலாளர்கள் மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்தார்கள். அந்த ஈயம் லிங்கி ஆற்றில் படகேறிக் கடலுக்குப் போனது. 1874இல் பிரிட்டிஷார் சுங்கை ஊஜோங்கில் கால் பதித்தார்கள். 1879இல் இங்கு வந்த ஆங்கிலப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்டும் லிங்கி ஆற்று வழியாகத்தான் வந்தார். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது.

ரயில் வந்த காலத்தில் இந்தக் குன்றுகளில் நின்றது காப்பி. பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலை சரிந்ததும் தோட்டத் துரைமார் ரப்பருக்கு மாறினார்கள். கார் டயருக்கு ரப்பர் தேவைப்பட்ட நேரம் அது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. காட்டைச் சாய்த்து, காய்ந்ததும் தீ வைத்து, குன்றுக்குக் குன்று நிரை பிடித்துக் கன்று நட்டார்கள். அந்த வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டு, கப்பல் கட்டணத்தை அந்த நிதி ஏற்றுக்கொண்டது.

காட்டு மண்ணின் வளம் பெரும்பாலும் மேலே கிடக்கும் இலைச்சருகிலும் அதன் கீழுள்ள சில அங்குலக் கறுப்பு மண்ணிலும்தான் இருக்கிறது. மரத்தை எரித்தால் சாம்பலில் சத்து கொஞ்ச காலம் இருக்கும். அதன் பிறகு மண்ணை மூட ஒன்றும் இல்லாவிட்டால் மழை அதைக் கொண்டுபோய்விடும். சிரம்பான் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

வழித்தெடுத்த மண்

பாட்டியின் முதல் வாக்கியத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்துத் துரைமார் கண்ணில் நல்ல தோட்டம் என்றால் ஒரு புல்கூடத் தலைகாட்டாத தோட்டம். இதற்குக் காரணம் இருந்தது. லாலாங் புல் ஒருமுறை பிடித்துவிட்டால் இளங்கன்று தேறாது. அதன் கிழங்கை மண்ணிலிருந்து முழுவதும் எடுப்பதும் லேசில் நடக்காது. லாலாங்கைக் கண்டு பயந்தவர்கள் மற்ற எல்லாச் செடிகளையும் சேர்த்தே வெறுத்தார்கள். மரத்துக்குரிய சத்தைப் புல் தின்றுவிடும் என்று நம்பினார்கள். ஆகவே மாதம் தவறாமல் மண்வெட்டியால் தரையைச் சுரண்டி வழிக்க வேண்டும் என்பது தோட்டச் சட்டமாயிற்று.

மலிவான கைகள் நிறைய இருந்ததால்தான் இது நடந்தது. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, வரிசையாக நின்று மலைச்சரிவை வழித்தவர்களில் பெண்கள் ஏராளம்.

வழித்த சரிவில் மழை விழுந்தது. மேல்மண் கரைந்து ஓடையிலும் ஆற்றிலும் இறங்கியது. முன்பே ஈயச் சுரங்கத்து மணல் இறங்கிய ஆறுகளில் இப்போது தோட்டத்து மண்ணும் சேர்ந்தது. சரிவுகளில் ரப்பர் மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. மண்ணைத் தடுக்க வேண்டும் என்று குழி வெட்டினார்கள், வரப்புப் போட்டார்கள், சரிவைப் படி படியாக வெட்டினார்கள். அதையும் அதே ஆட்கள்தான் செய்தார்கள். காலையில் மண்ணை வழித்துவிடு, ஓடுகிற மண்ணைப் பிடிக்க மத்தியானம் குழி வெட்டு என்றால், வேலை செய்கிறவருக்கு என்ன தோன்றியிருக்கும்?

ஊரில் தெரிந்தது, ஆய்வகத்தில் தெளிந்தது

கொடியைப் பற்றிப் பேசும் முன் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

இங்கு வந்த தமிழர்கள் பலர் விவசாயக் கூலிகளாக, சிறு குடியானவர்களாக இருந்தவர்கள். பயறு விளைந்த மண் அடுத்த பயிருக்கு நல்லது என்பது அவர்கள் பிறந்த ஊர்களில் புதிய செய்தி அல்ல. காவிரிப் படுகையில் நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தூவி விடுவது வழக்கம். கொளிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றை வளர்த்து வயலிலேயே மடக்கி உழுவார்கள். ஆட்டுக்கிடை போடுவார்கள். வண்டியில் எரு அடிப்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதற்கு வேதியியல் விளக்கம் அவர்களிடம் இல்லை, பலன் தெரிந்திருந்தது.

விளக்கம் ஐரோப்பாவில் வந்தது. 1840இல் ஜெர்மானியர் லீபிக், செடி மண்ணிலிருந்து எடுப்பது தாதுச் சத்துகளைத்தான் என்று எழுதி ரசாயன உரத்துக்கு வழி திறந்தார். 1843இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் தொழுவுரத்தையும் ரசாயன உரத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் நீண்டகால ஆய்வு தொடங்கியது. கோயம்புத்தூரில் 1909இல் அதே மாதிரியில் நிலையான எரு ஆய்வுப் பாத்திகள் போடப்பட்டன.

எந்தப் பயிருக்கும் தழைச்சத்து கொடுத்தால் பலன் தெரிகிறது, பயறுக்கு மட்டும் தெரியவில்லையே, ஏன்? இது அறிவியலாரை வெகுகாலம் குழப்பியது. 1886இல் ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் விடையைச் சொன்னார்கள்: வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் பயறுச் செடி காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெறுகிறது. 1888இல் டச்சு விஞ்ஞானி பேயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். அதே வேலையைத் தொழிற்சாலையில் செய்து காட்டியவர் ஹேபர். 1909இல் காற்று நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்தார். 1913இல் அது பெரிய அளவில் உற்பத்தியானது.

ஆகத் தோட்டத்துரையின் முன் இப்போது இரண்டு வழிகள் இருந்தன. தழைச்சத்தை மூட்டையில் வாங்கலாம், அல்லது கொடி வளர்த்து இலவசமாகப் பெறலாம்.

கொடி வந்தது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சில தோட்டங்களில் கிலுகிலுப்பை வகைச் செடிகளைப் பசுந்தாள் உரமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் மண்வெட்டியின் ஆட்சி அசையவில்லை. அண்டை நாடான டச்சு இந்தியாவில், சுமத்ராத் தோட்டங்களில், படர்கொடிகள் நன்றாக வேலை செய்வதைக் கண்ட பிறகு 1920களில் இங்கும் அவை பரவின. 1925இல் சட்டப்படி அமைக்கப்பட்டு அடுத்த ஆண்டு பணியைத் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், சுங்கை பூலோவில் தன் சோதனைத் தோட்டத்தை வைத்து இவற்றை ஆராய்ந்தது.

மூன்று கொடிகள் முதலிடம் பிடித்தன: பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம். முதலாவது தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. மூன்றுமே அவரைக் குடும்பம். பூவைப் பார்த்தால் நம் வீட்டுப் பயறு, அவரையின் சொந்தம் என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். இலையும் மும்மூன்றாகத்தான் இருக்கும். மலாயில் இவற்றுக்குக் 'கெக்காச்சாங் பெனுத்துப் பூமி' என்று பெயர். பூமியை மூடும் பயறு என்று பொருள். தமிழில் மூடுபயிர் என்கிறோம்.

கொடி பரவியதற்கு அறிவியல் மட்டும் காரணம் என்று எழுதினால் வரலாறு பாதிதான். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வழிப்பதற்கு ஆளும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை. தரையில் எதையாவது வளர விடலாம் என்ற பேச்சு அப்போதுதான் துரைமார் காதில் ஏறியது. 1934இல் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்ணியலாளர் டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ், தானாக முளைக்கும் செடிகளையும் கட்டுப்படுத்தி வைத்துக்கொண்டால் மண்ணுக்கு நன்மையே என்று தனிக் கையேடே எழுதினார். மண் பிழைத்ததில் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு, மந்தத்துக்கும் பங்கு உண்டு. வேலை இழந்து திரும்பிப் போனவர்களையும் இந்தக் கணக்கில் நாம் எழுத வேண்டும்.

கொடிக்கும் பசிக்கும்

இனி பாட்டியின் மூன்றாவது வாக்கியம். என் மாணவனின் கேள்வியும் இதுதான்.

கொடி காற்றிலிருந்து எடுப்பது தழைச்சத்தை மட்டுமே. மணிச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது. வேர்முடிச்சில் நடக்கும் வேலையோ சாதாரண வேலை அல்ல. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றைப் பிரித்து அம்மோனியா ஆக்க, உயிரணு தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் குறைந்தது 16 செலவழிக்கிறது. ஏ.டி.பி. என்பதே பாஸ்பேட்டைக் கொண்ட பொருள்தான். மணிச்சத்து குறைந்தால் வேர் சிறுத்துப்போகும், முடிச்சு குறையும், கொடி மஞ்சளடித்து நிற்கும்.

நம் நாட்டுச் செம்மண் மேட்டுநிலம் புளிப்பு மண். அதில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்கு எளிதில் விடாது. ஆகவே கொடி நட்ட பல தோட்டங்களில் அது முதலில் சரியாகப் பிடிக்கவில்லை. மணிச்சத்து இட்டதும் நிலைமை மாறியது.

அதற்குக் கிடைத்த பொருள் பாறை பாஸ்பேட். ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்மஸ் தீவில் அது வெட்டியெடுக்கப்பட்டது. 1900 முதல் அந்தத் தீவு நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சியில் இருந்தது. 1958இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறியது. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அவர்கள் வெட்டிய பாறைத் தூள்தான் மூட்டையாகி வந்து, தமிழ்த் தொழிலாளர் கையால் மலாயாத் தோட்டங்களில் தூவப்பட்டது. இந்தத் தூள் தண்ணீரில் சட்டென்று கரையாது. ஆனால் புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து சத்தைக் கொடுக்கும். வேறு இடத்தில் குறையாகத் தெரிந்த மண்ணின் புளிப்பு இங்கே உதவிக்கு வந்தது.

வேலை எப்படி நடந்தது? இந்தக் கொடிகளின் விதைத்தோல் கெட்டி. சுடுநீரில் ஊறவைத்தாலோ அமிலத்தில் நனைத்துக் கழுவினாலோதான் ஒழுங்காக முளைக்கும். பிறகு விதையில் வேர்முடிச்சு நுண்ணுயிர்க் கலவையைச் சேர்ப்பார்கள். பாறைத் தூளையும் விதையோடு கலந்து, ரப்பர் நிரைகளுக்கு நடுவே கோடிட்டு ஊன்றுவார்கள். கொடி படரும் வரை மற்ற களைகளைக் கையால் எடுக்க வேண்டும். கொடி படர்ந்த பின் மறுபடி பாறைத் தூள் தூவ வேண்டும். இளங்கன்றின் தண்டில் கொடி ஏறாமல் வட்டமாக ஒதுக்கிவிட வேண்டும். இத்தனைக்கும் மேல், கன்றுக்குத் தனியாக அம்மோனியம் சல்பேட் போன்ற மூட்டை உரமும் போட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள பொருத்தத்தைக் கவனியுங்கள். பாறைத் தூள் கொடியை வளர்த்தது. கொடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து, மண்ணில் இலையாக உதிர்த்தது. மக்கிய இலை மண்ணுக்குக் கரிமச் சத்தைத் தந்தது. கொடி எடுத்துக்கொண்ட மணிச்சத்தும் இலையோடு திரும்பி, மரத்துக்கு எட்டும் வடிவில் வந்தது. ஐந்தாறு ஆண்டில் ரப்பர் நிழல் கட்டியதும் கொடி மெல்ல மடிந்து தன்னிடம் இருந்ததை மண்ணுக்கே கொடுத்தது. சுரங்கத்து உரமும் கொடியின் தழையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

போருக்குப் பின் வந்த கணக்கு

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி கிடைக்கவில்லை, இந்தியாவிலிருந்து பருப்பு வருவதும் நின்றது. தோட்டங்களில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பிழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. தோட்டம் மறுபடி ஒழுங்குக்கு வர ஆண்டுகள் பிடித்தன.

1950களில் கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் பெரும் இயக்கம் தொடங்கியது. மூடுபயிரும் பாறை பாஸ்பேட்டும் அப்போது வழக்கமான முறையாயின. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஜி. ஏ. வாட்சனும் உடன் பணியாற்றியோரும் பயறுக் கொடி, புல், மிக்கானியா, தானாக முளைத்த செடிகள் ஆகியவற்றை ஒப்பிட்டு 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயறுக் கொடி இருந்த இடத்தில் ரப்பர் கன்று தெளிவாக நன்றாக வளர்ந்தது. மலாக்கா எல்லையை ஒட்டிய பத்தாங் மலாக்காவில், டன்லப் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் பி. ஜே. மெயின்ஸ்டோன் இன்னொரு கேள்வியை எடுத்தார்: மூடுபயிரும் தழைச்சத்து உரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? பயறுக் கொடி உள்ள இடத்தில் தழைச்சத்து மூட்டையின் தேவை குறைந்தது. கொடி இல்லாத இடத்தில் அதே வளர்ச்சியைப் பெற மூட்டையை நம்ப வேண்டியிருந்தது. பின்னாளில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்ணியல் ஆய்வுகளை இ. புஷ்பராஜா போன்றோர் முன்னெடுத்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து டபிள்யூ. ஜே. பிராட்டன் 1970களில் கொடுத்த கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நன்றாகப் படர்ந்த பயறு மூடுபயிர், முதல் 5 ஆண்டுகளில் சராசரியாக ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழைச்சத்தைச் சேர்க்கிறது. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 விழுக்காடு. அப்படியானால் 150 கிலோவுக்கு 714 கிலோ உரம் வேண்டும். 50 கிலோ மூட்டையில் 14க்கு மேல். ஒரு ஹெக்டருக்கு, ஒவ்வோர் ஆண்டும், தலையில் சுமக்காமல், பணம் கொடுக்காமல் 14 மூட்டை!

லயத்துப் பின்கட்டில்

தோட்டத்துக் கொடி துரையின் கணக்கு. லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிப் பாத்தியோ நம் ஆட்களின் சொந்தக் கணக்கு. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று போருக்கு முந்திய தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தத் துண்டு நிலத்தில் பயற்றங்காய், அவரை, மொச்சை, வெண்டை, கத்தரி, முருங்கை எல்லாம் நின்றன. பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை.

என் பாட்டி பயற்றங்காய்க்குக் குழி வெட்டி, மக்கிய சாணமும் அடுப்புச் சாம்பலும் போட்டு, நான்கு நாள் ஆறவிட்டு விதை ஊன்றுவார். "கொடிக்குப் போடுற தூளு" கொஞ்சம் கிடைத்தால் அதையும் ஒரு பிடி சேர்ப்பார். ஆனால் வெள்ளை உரத்தை (அம்மோனியம் சல்பேட்டைத்தான் அப்படிச் சொல்வார்) பயறுக்குப் போட விடமாட்டார். "அதப் போட்டா எலைதான் காய்க்கும்" என்பார்.

இது எத்தனை சரியான பேச்சு என்பதைப் பாடநூலோடு வைத்துப் பாருங்கள். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் பயறுச் செடி வேர்முடிச்சுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலை செழிக்கும், முடிச்சு குறையும், காயும் தாமதப்படும். சாணம் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடிக்கும். நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கும். சாம்பல் சாம்பல்சத்தைத் தந்து மண்ணின் புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும். பாறைத் தூள் மணிச்சத்தைத் தரும். சுங்கை பூலோவில் எழுதி வைத்ததும் பின்கட்டில் பாட்டி செய்ததும் ஒத்துப்போகின்றன. பாட்டி அதை எங்கே கற்றார்? ஊரிலிருந்து வந்த பழக்கம் பாதி, தோட்ட வேலையில் கண்ணால் கண்டது பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இன்று

தமிழ்நாட்டில் பயறு வகைகளுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை உளுந்துக்குச் சொல்லும் பரிந்துரையும் பாட்டியின் பாத்தியைத்தான் நினைவூட்டுகிறது. ஹெக்டருக்கு 12.5 டன் தொழுவுரம். அதோடு தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 25 கிலோ. விதையில் ரைசோபியம் கலக்க வேண்டும். பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். மணிச்சத்து தழைச்சத்தைப் போல இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அந்தக் கொஞ்சம் தழைச்சத்தும், வேர்முடிச்சு வேலையைத் தொடங்கும் வரை செடியைத் தாங்குவதற்குத்தான்.

1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் பல இடங்களில் தொடங்கிய நீண்டகால உர ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ரசாயன உரத்தோடு தொழுவுரமும் சேர்ந்த பாத்திகளில்தான் விளைச்சலும் மண்ணின் கரிமச் சத்தும் நிலைத்து நின்றன.

1840இல் லீபிக் தாது உரத்தின் பெருமையை எழுதினார். சரியாக நூறாண்டு கழித்து 1940இல், இந்தியாவில் பல ஆண்டு வேலை செய்த ஆல்பர்ட் ஹோவர்டு, மக்கிய எருவின் பெருமையை எழுதி ரசாயன உரத்தைக் கண்டித்தார். இன்றும் நம் மாணவர்கள் இணையத்தில் பார்ப்பது இந்த இரண்டு கட்சிகளைத்தான். ஒரு காணொளியில் ரசாயனம் விஷம். அடுத்த காணொளியில் எரு பழங்கதை. ராசாவின் குன்றுகள் இந்தச் சண்டைக்கு வெளியே வேறொரு பாடத்தை வைத்திருக்கின்றன: எந்தச் சத்து, எந்த மண்ணுக்கு, எவ்வளவு, எதோடு சேர்த்து என்று கேட்க வேண்டும்.

எழுதப்படாத பெயர்கள்

கடைசியாக ஒன்று, மனத்தில் உறுத்துவது. மேலே நான் எழுதிய பெயர்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். லீபிக், ஹெல்ரீகல், ஹெய்ன்ஸ், வாட்சன், மெயின்ஸ்டோன், பிராட்டன், புஷ்பராஜா. அவர்கள் செய்தது நல்ல வேலை, பெயர் நிலைப்பது நியாயமே. ஆனால் மண்ணை வழித்தவர், குழி வெட்டியவர், விதையைச் சுடுநீரில் ஊறவைத்தவர், வாளியில் தூளைச் சுமந்து சரிவில் ஏறியவர் யாருடைய பெயரும் ஆய்வேடுகளில் இல்லை. எந்தச் சரிவில் கொடி பிடித்தது, எந்தச் சரிவில் பிடிக்கவில்லை என்பதை முதலில் கண்டவர்கள் அவர்கள்தான்.

முன்பு தோட்டமாக இருந்த இடத்தில் இன்று சிரம்பான் 2 எழுந்து நிற்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடுகள் வந்தன. செம்பனை நிற்கும் தோட்டங்களில் இப்போது படர்வது முக்குனா பிராக்டியேட்டா என்ற கொடி. இந்தியாவின் வடகிழக்கில் இயற்கையாக வளர்வது, கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் பயன்பட்டது, 1990களின் தொடக்கத்தில் மலேசியாவுக்கு வந்தது. நம் சித்த மருத்துவத்தில் வரும் பூனைக்காலியின் நெருங்கிய உறவு. அதை நட்டுப் பராமரிப்பவர்களில் இன்று பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பெயரையாவது யாராவது எழுதி வைக்கிறார்களா தெரியவில்லை.

வெளிக்காட்டு வேலை செய்த நம் பாட்டிமாரில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்; வேறு யாரும் வரப்போவதில்லை.

வகுப்பறைக்குச் சில யோசனைகள்

1. வரலாறு: மாணவர்கள் தங்கள் குடும்பத்தில் தோட்ட வேலை செய்த மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும். என்ன கொடி நட்டீர்கள்? என்ன உரம், எப்படிப் போட்டீர்கள்? வீட்டுப் பாத்திக்கு என்ன போட்டீர்கள்? அவர்கள் சொன்ன சொற்களையே மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள்.

2. அறிவியல்: நான்கு பாத்தியில் பயற்றங்காய் போடுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். ஒன்றில் மக்கிய எரு. ஒன்றில் எருவும் பாறை பாஸ்பேட்டும். ஒன்றில் யூரியா மட்டும். பூக்கும் சமயத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, நீரில் மெல்ல அலசி, முடிச்சுகளை எண்ணட்டும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் வேலை செய்யும் முடிச்சு.

3. கணிதம்: மேலே சொன்ன 150 கிலோ கணக்கை யூரியாவுக்கு (46 விழுக்காடு தழைச்சத்து) மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

4. தமிழ்மொழி: பெரட்டு, நிரை, வெளிக்காடு, கங்காணி, கிராணி, லயம் போன்ற தோட்டச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதி செய்யலாம்.

எங்கள் பள்ளியில் இரண்டாவது யோசனையைச் செய்து பார்த்தோம். யூரியாப் பாத்தியில் இலை கரும்பச்சையாகக் கொழுத்து நின்றது. பிள்ளைகள் அதுதான் ஜெயிக்கும் என்றார்கள். செடியைப் பெயர்த்து அலசியபோது வேர் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. எருவும் பாறைத் தூளும் போட்ட பாத்தியில் முடிச்சுகள் மணி மணியாகத் தொங்கின. காயும் அதில்தான் முதலில் வந்தது. கேள்வி கேட்ட அந்தப் பையன் ஒரு முடிச்சைக் கீறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உள்ள ரத்தம் மாதிரி இருக்கு" என்றான்.

"அது வேலை செய்யுது. வேலை செய்யறதுக்குச் சாப்பாடு வேணாமா?" என்றேன். எங்கள் பாட்டி கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.